கண்ணாடிச் சட்டகம்: வடிவமும் பொருளும்

மூக்குக் கண்ணாடியின் சட்டகம், அதாவது பேச்சு வழக்கில் ஃபிரேம் எனப்படும் உறுப்பு, வில்லைகளைத் தாங்கும் வெறும் கூடாகவோ முகத்துக்கு அழகு சேர்க்கும் அணிகலனாகவோ கருதப்படுவதே வழக்கம் என்றாலும், ஒளியியலின் கணக்கில் அது வில்லையோடு சேர்ந்தே இயங்கும் கருவியின் மறுபாதியாகும். கண் பரிசோதனையின் முடிவில் சீட்டில் எழுதப்படும் எண், வில்லை கண்ணுக்கு முன்னால் குறிப்பிட்ட தொலைவிலும் உயரத்திலும் சாய்விலும் நிற்கும் என்ற அனுமானத்தின் மேல் எழுதப்படுகிறது. அந்த அனுமானத்தை வெயிலிலும் வியர்வையிலும் பல ஆண்டுகள் மெய்யாக வைத்திருக்க வேண்டிய பொறுப்பு சட்டகத்தைச் சார்ந்தது. ஆகவே தரமான சட்டகம் எது என்று அறிய விரும்புவோர், கையில் பொறிக்கப்பட்ட வணிகப் பெயரைக் காட்டிலும், இந்தப் பொறுப்பை அது எவ்வாறு நிறைவேற்றுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஒளி திசைமாறாமல் ஊடுருவிச் செல்லும் புள்ளி ஒன்று ஒவ்வொரு வில்லையிலும் உண்டு. அதற்கு ஒளியியல் மையம் என்று பெயர். அம்மையத்தை விட்டு விலகிய இடத்தின் வழியாகப் பார்க்கும்போது வில்லை ஒரு பட்டகத்தைப் போலச் செயல்பட்டுக் காட்சியை ஒரு பக்கமாக நகர்த்திவிடுகிறது. நகர்வின் அளவைக் கணக்கிடுவது எளிது: டையாப்டரில் சொல்லப்படும் வில்லையின் திறனை, மையத்திலிருந்து விலகிய தொலைவின் சென்டிமீட்டர் அளவால் பெருக்கினால், பட்டக டையாப்டர் என்னும் அலகில் விடை கிடைத்துவிடும்; ஒரு பட்டக டையாப்டர் என்பது 1 மீட்டர் தொலைவில் 1 சென்டிமீட்டர் நகர்வாகும். பிரென்டிஸ் விதி எனப்படும் இக்கணக்கின்படி, மைனஸ் 6 டையாப்டர் கிட்டப்பார்வை உள்ள ஒருவரின் சட்டகம் முறுக்கிக்கொண்டு, ஒரு வில்லை மற்றதைவிட 3 மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றால், இரு கண்களின் காட்சிகளுக்கும் இடையே 1.8 பட்டக டையாப்டர் செங்குத்து வேறுபாடு தோன்றுகிறது. கிடைமட்ட வேறுபாட்டைக் கண்கள் உள்நோக்கித் திரும்பி ஓரளவு தாமாகவே சரிசெய்துகொள்ளும். ஆனால் ஒரு கண்ணை மேலும் மற்றொன்றைக் கீழும் திருப்பும் ஆற்றல் மனிதருக்கு மிகச் சிறிதே வாய்த்திருப்பதால், இத்தகைய வேறுபாடு தலைவலியாகவும் இரட்டைக் காட்சியாகவும் வெளிப்படக்கூடும். வில்லையின் எண் சரியாக இருந்தும் கண்ணாடி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லப்படும் பல நேர்வுகளில் குற்றவாளி கோணிய சட்டகமே.

கண்ணுக்கும் வில்லைக்கும் இடையிலான தொலைவும் இதுபோலவே கவனத்துக்குரியது. பொதுவாக 12 முதல் 14 மில்லிமீட்டர் வரை இருக்கும் இத்தொலைவு, குறைந்த எண் உடையவர்களுக்குச் சற்று மாறினாலும் வேறுபாடு தெரிவதில்லை. மைனஸ் 10 டையாப்டர் வில்லை மூக்கில் வழுக்கி 4 மில்லிமீட்டர் முன்னே சென்றுவிட்டாலோ, அதன் பயனுறு திறன் ஏறத்தாழ மைனஸ் 9.6 ஆகக் குறைந்துவிடுகிறது. கண் பரிசோதனையில் வில்லைகள் 0.25 டையாப்டர் படிகளில் மாற்றப்படுவதை எண்ணினால், இந்த இழப்பு ஒரு படிக்கும் மேற்பட்டது. அன்றியும் வில்லையின் கீழ்விளிம்பு கன்னத்தை நோக்கி 8 முதல் 12 பாகை வரை சாய்ந்திருப்பது நல்ல வடிவமைப்பின் அடையாளம். நடக்கும்போதும் படிக்கும்போதும் பார்வை பெரும்பாலும் கீழ்நோக்கியே செல்வதால், அச்சாய்வு வில்லையின் பரப்பைப் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக நிறுத்துகிறது.

சட்டகக் கையின் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும் 52, 18, 140 போன்ற மூன்று எண்களைப் பலர் கவனிப்பதே இல்லை. முதல் எண் வில்லையின் அகலம், இரண்டாவது இரு வில்லைகளுக்கும் இடைப்பட்ட மூக்குப்பாலத்தின் அகலம், மூன்றாவது காதுவரை சென்று வளையும் கையின் மொத்த நீளம். மூன்றும் மில்லிமீட்டரில் அமைந்தவை. முதல் இரண்டையும் கூட்டினால் வில்லைகளின் வடிவ மையங்களுக்கு இடையிலான தொலைவு, இந்த எடுத்துக்காட்டில் 70 மில்லிமீட்டர், கிடைக்கிறது. அணிபவரின் கண்மணிகளுக்கு இடையிலான தொலைவு 62 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு வில்லையிலும் ஒளியியல் மையத்தை 4 மில்லிமீட்டர் மூக்குப் பக்கமாக நகர்த்தி வெட்ட வேண்டியிருக்கும். கிட்டப்பார்வை வில்லையில் அதன் விளைவு, காதுப் பக்க விளிம்பு தடித்துத் துருத்திக்கொண்டு நிற்பதாகும். தடிப்பு ஆரத்தின் இருமடிக்கேற்ப வளர்வது என்பதால் சிறு வேறுபாடும் பெரிதாகத் தெரியும். ஒளிவிலகல் எண் 1.5 கொண்ட மைனஸ் 6 வில்லையில், மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளிய விளிம்பு மையத்தைவிட ஏறத்தாழ 3.8 மில்லிமீட்டர் தடித்திருக்கும். 30 மில்லிமீட்டர் தள்ளிய விளிம்போ 5.4 மில்லிமீட்டர் தடித்துவிடும். மெல்லிய வில்லைக்காகக் கூடுதல் விலை கொடுக்கும் பலர், அகலம் குறைந்த, கண்மணித் தொலைவுக்கு இசைந்த சட்டகம் ஒன்றைத் தேர்ந்தாலே அந்தப் பயனில் பெரும்பகுதியைச் செலவின்றிப் பெற்றிருப்பர்.

கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றிய பின், நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக மூக்கில் கவ்வியோ கையால் பிடித்தோதான் பயன்படுத்தப்பட்டது. காதை நோக்கி நீளும் கைகள் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் லண்டன் கண்ணாடிக் கடைகளில் தோன்றின. கைகள் வந்த பின்னரும் எடையின் பெரும்பங்கைச் சுமப்பது மூக்கே. எனவே மூக்கைத் தொடும் பரப்பு எவ்வளவு அகலமாகவும், மூக்கின் சரிவோடு எவ்வளவு ஒட்டியும் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அழுத்தம் பரவித் தழும்பு விழாமல் இருக்கும். உலோகச் சட்டகங்களில் நோஸ் பேட் எனப்படும் சிறு திண்டுகள் வளைக்கக்கூடிய மெல்லிய கம்பிகளில் பொருத்தப்பட்டிருப்பது, அவற்றை அவரவர் மூக்குக்கேற்பத் திருப்பிக்கொள்வதற்காகத்தான். பிளாஸ்டிக் சட்டகங்களிலோ மூக்குத்தாங்கி உடலோடு ஒன்றாகவே அமைந்திருப்பதால், வாங்கும்போதே பொருந்தியாக வேண்டும். உயர்ந்த மூக்கடிக்கென வார்க்கப்பட்ட வடிவம் தாழ்ந்த மூக்கடி உடையவரின் முகத்தில் கீழிறங்கி, சிரிக்கும்போதெல்லாம் கன்னத்தில் இடிக்கும். கைகளைப் பொறுத்தவரை அவை தலையின் பக்கங்களை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று எண்ணுவது தவறு. நெற்றிப்பொட்டிலிருந்து காதுவரை தலை அகன்றுகொண்டே செல்வதால், முன்பகுதியில் இறுக்கும் கை கண்ணாடியை முன்னோக்கியே தள்ளும். காதின் வேர் தொடங்கும் இடத்தில் சரியாக வளைந்து, காதின் பின்னால் மென்மையாகப் படிவதுதான் வழுக்காமல் காப்பது.

இத்தனை நுண்மையான அளவுகளைக் காப்பாற்ற வேண்டிய பொருளிடம் எதிர்பார்க்கப்படும் பண்புகள் ஒன்றோடொன்று முரண்படுபவை. வில்லையை அசையாமல் பிடிக்கும் விறைப்பு வேண்டும், ஆனால் தலையில் ஏறி இறங்கும்போது வளைந்து மீளும் தன்மையும் வேண்டும்; கடைக்காரரின் கையில் முகத்துக்கேற்ப வளைய வேண்டும், ஆனால் அதன்பின் தானாக வளையக் கூடாது. பழங்காலத்தில் இந்த முரண்களை ஓரளவு தீர்த்துவைத்தது அழுங்காமையின் ஓட்டுத் தகடு. நகத்திலும் கொம்பிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன அத்தகடு, வெந்நீரில் இளகி எந்த வடிவையும் ஏற்பதோடு, வெப்பமும் ஈரமும் அழுத்தமும் கிடைத்தால் பசையே இன்றித் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். உடைந்த சட்டகத்தையும் ஒட்டுத் தெரியாமல் இணைத்துவிட முடிந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரேயக் கடற்செலவு நூல், முசிறித் துறையின் ஏற்றுமதிகளுள் ஆமையோட்டையும் குறிப்பிடுகிறது. மன்னார் வளைகுடாவிலும் வாழும் அழுங்காமை அருகிவிட்டதால், 1972ஆம் ஆண்டின் இந்திய வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தாலும், அதே பத்தாண்டில் பன்னாட்டு உடன்படிக்கையாலும் அதன் வணிகம் தடைசெய்யப்பட்டது. இன்று கடைகளில் தேன்நிறமும் கரும்பழுப்பும் கலந்து திட்டுத்திட்டாகத் தோன்றும் சட்டகங்கள் அனைத்தும் அந்த ஓட்டின் சாயலைப் பிளாஸ்டிக்கில் பிரதி செய்தவையே.

அப்பிரதியை முதலில் சாத்தியமாக்கிய செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றக்கூடியது. அதற்கு மாற்றாக நிலைத்த செல்லுலோஸ் அசிட்டேட் 1865இல் பால் ஷுட்ஸன்பெர்கர் என்னும் பிரெஞ்சு வேதியியலாளரால் முதலில் தயாரிக்கப்பட்டது. பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சையோ மரக்கூழையோ அசிட்டிக் நீரிலியோடு வினைபுரியச் செய்து, பின் ஓரளவு நீராற்பகுப்புக்கு உட்படுத்தினால், அசிட்டோனில் கரையும் வெண்ணிறச் செதில்கள் கிடைக்கின்றன. தனித்த நிலையில் அச்செதில்கள் நொறுங்கும் தன்மையுடையவை. மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை ஒன்றன்மேல் ஒன்று நழுவச் செய்யும் இளக்கி என்னும் எண்ணெய் போன்ற சேர்மம், பெரும்பாலும் டைஎத்தில் தாலேட், எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கலக்கப்பட்ட பிறகே அது சட்டகத்துக்குரிய பொருளாகிறது. வடக்கு இத்தாலியில் காஸ்திலியோனே ஓலோனா என்னும் சிற்றூரில் 1849இல் கொம்புச் சீப்புகளும் பொத்தான்களும் செய்யத் தொடங்கிய மாட்ஸுக்கெல்லி நிறுவனம், இந்த அசிட்டேட் தகடுகளுக்கு உலகெங்கும் பெயர் பெற்றது.

உயர்தர அசிட்டேட் தகடு அச்சில் வார்க்கப்படுவதில்லை. அசிட்டோனும் நிறமிகளும் சேர்த்துச் சப்பாத்தி மாவைப் போலப் பிசைந்து உருளைகளில் தேய்த்த பல நிறத் தாள்களைத் துண்டுகளாக்கி, வேண்டிய கோலத்தில் அடுக்கி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக்கி, பின் அக்கட்டியை மெல்லிய தகடுகளாகச் சீவுவதால், நிறம் மேற்பூச்சாக இராமல் பொருளின் ஆழம் முழுவதும் ஊடுருவி நிற்கிறது. ஆண்டுகள் கழித்துத் தேய்த்து மெருகேற்றினாலும் அது மங்குவதில்லை. சீவிய தகட்டிலிருந்து அசிட்டோன் முழுதும் ஆவியாகி வெளியேற வாரக்கணக்கில் உலர்த்த வேண்டியிருக்கிறது. இந்தப் பொறுமையில்தான் விலையின் ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது: அவசரமாக உலர்த்திய தகட்டில் வெட்டிய சட்டகம், விற்ற பின்னரும் சுருங்கி வில்லையைத் தளர்த்தவோ நெருக்கவோ செய்யும். உலர்ந்த தகட்டில் சட்டகத்தின் முன்பகுதியைக் கணினி வழிப்படும் வெட்டுப்பொறி கடைந்தெடுக்க, கைகளுக்குள் விறைப்புக்காக உலோகக் கம்பி சூடாகச் செருகப்பட, எல்லா உறுப்புகளும் மரத்துண்டுகளும் நுரைக்கல் தூளும் நிறைந்த பீப்பாய்களில் நாட்கணக்கில் உருட்டப்படுகின்றன. கூர்முனைகள் மழுங்கிச் சட்டகத்துக்குக் கூழாங்கல்லின் வழவழப்பு வருவது அங்கேதான். வார்னிஷ் பூசிப் பெற்ற பளபளப்பையும் இவ்வாறு உருட்டிப் பெற்ற மெருகையும் விரலால் வருடிப் பார்த்தே பிரித்தறிய முடியும்.

அசிட்டேட்டின் குறை அதன் நன்மையிலேயே அடங்கியிருக்கிறது. இளக்கி காலப்போக்கில் மேற்பரப்புக்குக் கசிந்து வெளியேறுவதால், வியர்வை படும் இடங்களில் வெண்மை படர்ந்து பொருள் உலர்ந்து வெடிக்கத் தொடங்கும். 60 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகுவதால் கடைக்காரர் வெப்பக்காற்றில் காட்டி எளிதாக வளைக்க முடிகிறது. அதே காரணத்தால் வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் விட்டுச்சென்ற சட்டகம், கேட்பாரின்றித் தானே வளைந்து கிடக்கும்.

அச்சில் உருக்கிச் செலுத்தி வார்க்கப்படும் பிளாஸ்டிக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டிஆர்-90 என விற்கப்படும் நைலான் இனப் பொருள், அசிட்டேட்டைவிட எடை குறைந்ததும் எளிதில் உடையாததும் ஆகையால் குழந்தைகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் ஏற்றது. ஆனால் சூடாக்கி வளைத்தாலும் பழைய வடிவுக்கே திரும்ப முயல்வதால், முகத்துக்கேற்பத் திருத்துவது கடினம். ஆஸ்திரியாவில் வில்ஹெல்ம் ஆங்கர் 1960களில் உருவாக்கிய ஆப்டில் என்னும் எப்பாக்சி பிசின் இவ்வகையில் ஒரு விதிவிலக்கு. சூடாக்கினால் வார்த்த வடிவுக்கு மீண்டு, வளைத்துக் குளிரவிட்டால் புதிய வடிவில் நிற்கும் அதன் இயல்பு பிற பிளாஸ்டிக்குகளில் அரிது.

உலோகச் சட்டகங்களில் நெடுங்காலம் ஆண்டவை நிக்கலும் செம்பும் கலந்த உலோகக் கலவைகள். இவற்றில் மூன்றில் இரண்டு பங்கு நிக்கல் கொண்ட மோனெல், வெட்டவும் பற்றவைக்கவும் எளிதானது, விலையும் மலிவு. அதன்மேல் பூசிய முலாம் தேய்ந்தவுடன் உப்பும் அமிலமும் கலந்த வியர்வை செம்பைத் தாக்கிப் பச்சைக் களிம்பை உண்டாக்குகிறது. மூக்குத் திண்டுகளின் அடியில் திரளும் பச்சைப் படிவில் அழுக்கோடு இக்களிம்பும் கலந்திருக்கிறது. இதைவிடக் கவலைக்குரியது கரைந்து வெளியேறும் நிக்கல். தோல் ஒவ்வாமையைத் தூண்டும் உலோகங்களில் முதன்மையானது அது. ஆகவே 1994இல் ஐரோப்பிய ஒன்றியம், தோலைத் தொடர்ந்து தொடும் பொருள்களிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என வரம்பிட்டது. காதின் பின்னாலோ மூக்கின் பக்கங்களிலோ சிவந்து அரிப்பெடுத்தால், களிம்பு மருந்தைத் தேடுமுன் சட்டகத்தைச் சந்தேகிப்பது நல்லது.

டைட்டேனியம் இந்தச் சிக்கல்களை ஒரே அடியில் நீக்கியது. ஒரு கன சென்டிமீட்டர் மோனெல் 8.8 கிராம் எடையுள்ளது, டைட்டேனியம் 4.5 கிராம் மட்டுமே. காற்றுப் பட்ட கணத்தில் அதன்மேல் படியும் சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு படலம், கீறினாலும் உடனே மீண்டும் உருவாவதால் வியர்வை உள்ளே புக வழியில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கரிய கடல்மணலில் கிடைக்கும் இல்மனைட் இவ்வுலோகத்தின் கனிமங்களுள் ஒன்று. கனிமம் அரிதன்று, அதை உலோகமாக்குவதும் உலோகத்தைச் சட்டகமாக்குவதுமே அருமை. சூடான நிலையில் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மையை அடைந்துவிடுவதால், அதை ஆர்கான் வாயுச் சூழலிலோ வெற்றிடத்திலோதான் இணைக்க வேண்டும். அழுத்தும் அச்சுகளிலும் அது ஒட்டிக்கொண்டு தொல்லை தரும்.

இத்தடைகளை 1980களின் தொடக்கத்தில் கடந்தது ஜப்பானின் ஃபுகுயி மாநிலத்திலுள்ள சபாயே நகரம். பனி மூடிய குளிர்காலத்தில் வேலையற்றிருந்த உழவர்களுக்குப் பிழைப்பு தேடிய மசுனாகா கோசயேமொன், 1905இல் ஓசாகாவிலிருந்து கைவினைஞரை வரவழைத்துத் தம் ஊரில் தொடங்கிய கண்ணாடித் தொழில்தான் அந்த வட்டாரம் முழுவதும் பரவியது. ஜப்பானில் உருவாகும் சட்டகங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை இன்று அங்கிருந்தே வருகின்றன. தூய டைட்டேனியம் ஓரளவு மென்மையானது என்பதால், வனேடியம், அலுமினியம் போன்றவை சேர்ந்த பீட்டா டைட்டேனியம் கைகளுக்கும் மூக்குப்பாலத்துக்கும் பயன்படுகிறது. எஃகின் பாதிக்கும் குறைவான விறைப்பும் அதனினும் கூடுதலான மீள்வும் கொண்ட அக்கலவை, தலையை நெருக்காமல் அணைத்துப் பிடிக்கிறது. டென்மார்க்கில் அதே பத்தாண்டில் லிண்ட்பெர்க் நிறுவனம் திருகாணியும் பற்றவைப்பும் இன்றி, டைட்டேனியக் கம்பியைச் சுருட்டியே கீலாக்கிய சட்டகத்தை உருவாக்கியது இவ்வுலோகத்தின் மீள்தன்மையை நம்பித்தான்.

நிக்கலும் டைட்டேனியமும் ஏறத்தாழச் சமப் பங்கில் அணுக்களாகச் சேர்ந்த நிட்டினால், அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் கண்டறிந்தது. சாதாரண எஃகு தன் நீளத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக நீண்டாலே நிலையாக வளைந்துவிடும். நிட்டினாலோ அழுத்தத்தில் அணு அடுக்கையே மாற்றிக்கொண்டு 8 விழுக்காடு வரை நீண்டு, அழுத்தம் நீங்கியதும் பழைய அடுக்குக்குத் திரும்பிவிடுகிறது. விரலில் சுற்றினாலும் நிமிரும் சட்டகமாகக் கடைகளில் வியப்போடு காட்டப்படுவது இதுவே. ஆனால் எப்படியும் நிமிர்ந்துவிடும் பொருளை எவர் முகத்துக்கும் ஏற்ப வளைக்க முடியாது என்பதை விற்பவர் சொல்வதில்லை. மூக்குப்பாலத்திலும் கைகளின் நடுப்பகுதியிலும் மட்டும் அதைப் பயன்படுத்தி, வளைய வேண்டிய இடங்களில் வேறு உலோகத்தை வைத்திருக்கும் சட்டகமே அறிவுள்ள வடிவமைப்பு.

பொருள் எவ்வளவு உயர்ந்ததானாலும் சட்டகம் முதலில் தோற்பது கீலில்தான். ஒன்றோடொன்று கோத்த உலோக வளையங்களின் ஊடே ஒரு திருகாணி செல்வதே வழக்கமான கீல்; வளையங்கள் மூன்றிலிருந்து ஐந்தாகவோ ஏழாகவோ பெருகும்போது உராயும் பரப்புக் கூடி, தேய்மானம் பகிரப்பட்டு, கை மேலும் கீழும் ஆடுவது குறைகிறது. பிளாஸ்டிக் சட்டகங்களில் கீலை ஊடுருவும் ஆணிகளால் அறைந்து பொருத்துவது, சூடாக்கிப் புதைப்பதைக் காட்டிலும் உறுதியானது. அந்த ஆணிகளின் தலைகளே முன்பகுதியின் மூலைகளில் சிறு புள்ளிகளாகத் தெரிபவை. இக்காலத்தில் பல சட்டகங்களில் அப்புள்ளிகள் கீலோடு தொடர்பே இல்லாமல் வெறும் ஒப்பனைக்காக ஒட்டப்படுவதால், உட்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் நம்புவதற்கில்லை. வில்சுருள் கீல் கை வெளிப்பக்கம் விரியும்போது விட்டுக்கொடுப்பதால் வசதியானதே. ஆயினும் சிறு உறைக்குள் வியர்வையும் தூசியும் புகுந்து சுருள் இறுகிவிட்டால், பழுதுபார்க்க வழியின்றி முழுக் கையையும் மாற்ற வேண்டியதாகிறது.

சட்டகங்களுக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 12870, செயற்கை வியர்வை, தீப்பற்றல், நிக்கல் வெளியேற்றம் ஆகியவற்றோடு, 55 டிகிரி வெப்பத்தில் 2 மணி நேரம் வைத்த பின் வடிவம் எவ்வளவு மாறுகிறது என்றும், கையை 500 முறை அசைத்த பின் எவ்வளவு நிலையாக விரிந்துவிடுகிறது என்றும் சோதிக்கிறது. கண்ணாடியை நாளுக்கு இரண்டு முறை கழற்றி அணிபவர் ஓராண்டு முடியுமுன்பே அந்த 500ஐத் தாண்டிவிடுவார் என்பதால், அத்தரத்தை எட்டுவது தொடக்கத் தகுதியே தவிர உயர்வின் சான்று அல்ல. ஒரு கையால் இழுத்துக் கழற்றுவது ஒரு பக்கக் கீலை மட்டும் விரித்துச் சட்டகத்தைக் கோணலாக்கும். இரு கைகளால் கழற்றுவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடிக் கடையில் கொடுத்து நிமிர்த்தித் திருகாணியை இறுக்கிக்கொள்வதும், வீட்டில் வெறுங்கையால் வளைக்காதிருப்பதும் எந்த விலைச் சட்டகத்துக்கும் பொருந்தும்.